தொய்வு நோயும் திறன்பேசிக் குறிப்பேடும்

யாழ்ப்பாணத்து மக்கள் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கும் நோயை மேனாட்டு வைத்தியர் ஆஸ்துமா என்பர். மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாட்பட்ட அழற்சியுற்றிருத்தலே இந்நோயின் அடிப்படையாகும். தூசு, புகை, குளிர்காற்று, தடிமன் முதலியன தாக்கியவிடத்து அக்குழாய்களைச் சூழ்ந்த தசை சுருங்கும், உட்சுவர் வீங்கும், சளி பெருகும். காற்றுச் செல்லும் வழி ஒடுங்கவே, மூச்சை வெளிவிடுதல் அரிதாகி, சீழ்க்கை போன்ற ஒலி பிறக்கின்றது. 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 262 மில்லியன் மக்கள் இந்நோயுடையராய் இருந்தனர் என்றும், 455,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தக்க சிகிச்சையால் இவ்விறப்புக்களிற் பலவற்றைத் தடுத்தல் கூடும் என்பதே இங்குச் சிந்தித்தற்குரியது.

தொய்வு ஒரு நிலையில் நில்லாத நோய். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மிகுந்து பகலிலே தணிவது அதன் இயல்பு. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் செல்லும் நோயாளியை வைத்தியர் காண்பது பகலில், அதுவும் சில நிமிடங்களே. எப்படி இருக்கின்றது என்று அவர் வினவ, முன்னைய வாரத்தில் மூன்றிரவு உறக்கமின்றி இருந்தவரும் அதனை மறந்து, பரவாயில்லை என்று விடையிறுப்பர். அம்மறதியின்மேலேயே மருந்தின் அளவு தீர்மானிக்கப்படுமாயின் விளைவு யாதாகும்? ஆகவே, வீட்டில் நிகழ்வதை வீட்டிலேயே குறித்துவைத்தல் இன்றியமையாததாகின்றது.

இதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று பீக் ஃபுளோ மீற்றர். ஒருவர் முழுமூச்சையும் விரைந்து ஊதும்போது காற்று வெளிப்படும் உச்ச வேகத்தை அது நிமிடத்துக்கு இத்தனை இலீற்றர் எனக் காட்டும். மாட்டின் றைற் என்னும் ஆங்கில அறிஞர் இக்கருவியை 1959 இல் அறிஞருலகுக்கு வெளியிட்டார். நோய் நன்கு அடங்கியிருக்கும் காலத்தில் ஒருவர் எட்டும் மிகவுயர்ந்த அளவே அவருக்குரிய அளவுகோலாம். அது 400 ஆயின், 320 க்கு மேற்படுவது நன்னிலை. 200 க்கும் 320 க்கும் இடைப்பட்டது எச்சரிக்கை. 200 க்குக் கீழ்ப்பட்டது ஆபத்து. பிறருடைய அளவோடு தம் அளவை ஒப்பிடுதல் பயனின்று.

திறன்பேசிச் செயலி இக்குறிப்பேட்டின் புதிய வடிவமே. இரவில் மூச்சுமுட்டி விழித்ததுண்டா, நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை பயன்படுத்தினீர், வேலைக்கு இடையூறு நேர்ந்ததா என்று அது வினவும். விடைகளைத் திகதியோடு சேமித்து வரைபடமாக்கும். தடுப்பு மருந்து எடுக்கும் வேளையை நினைவூட்டும். இன்ஹேலரிற் பொருத்தப்பட்டு, அழுத்துந்தோறும் தானே பதிவுசெய்யும் கருவிகளும் உள. நிற்க, செயலி மூச்சை அளப்பதன்று. நோயாளி தருவதைக் காப்பதே அதன் தொழில்.

இப்பதிவுகளின் பயனை நம் குடாநாட்டில் வைத்து நோக்குவோம். சோளகக் காற்று எழுப்பும் புழுதி, மார்கழிப் பனி, விறகடுப்பின் புகை, புகையிலையை உலர்த்தப் பொச்சுமட்டையில் மூட்டும் புகை என்பவற்றுள் தமக்குப் பகையாவது எது என்பதைப் பலர் அறியார். 2022 டிசெம்பரின் இரண்டாம் வாரத்தில், இந்தியாவின் பக்கமிருந்து வந்த மாசுக்காற்றினால் யாழ்ப்பாணம் உட்படப் பல நகரங்களிற் காற்றின் தரம் கெட்டது. 9 ஆந் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. இத்தகைய நாள்களில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு, அவருடைய நோய்க்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பைப் புலப்படுத்தவல்லது. அமெரிக்காவில் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியார் 2015 இல் ஐபோன் வழியாகத் தொடங்கிய ஆய்வில், காட்டுத்தீயின் புகை பரவிய இடங்களில் நோயாளர் நிலை தாழ்ந்தமை அவர்தம் பதிவுகளிலேயே தெரிந்தது.

அவ்வாய்வு ஒரு குறையையும் காட்டிற்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தும், தொடர்ந்து பதிவுசெய்தோர் சிலரே. ஆர்வம் தணிந்தபின் செயலியும் வெற்றுக் கொப்பியே. மொழியும் ஒரு தடை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்கினார். அத்தகைய மண்ணில், தம் மூச்சின் நிலையை ஆங்கிலத்திற் குறிக்க இயலாமையால் ஒரு முதியவர் பின்தங்குவது பொருந்தாது. வீட்டிலுள்ள மாணவர் அவருக்குத் துணைநின்று விடைகளைப் பதிதல் வேண்டும்.

பிறிதோர் எச்சரிக்கையும் உண்டு. நிவாரண இன்ஹேலர் உடனே சுகந் தருதலின், அதனையே நம்பி அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்தைக் கைவிடுவோர் பலர். நிவாரண மருந்தை மட்டும் தனித்துப் பயன்படுத்தல் தகாது என்று உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பு 2019 இல் அறிவுறுத்திற்று. அம்மருந்தின் தேவை நாளுக்கு நாள் மிகுவதைக் காட்டும் பதிவு, வைத்தியரிடம் விரைக என்னும் அறிவிப்பாகும். பேசுதற்கும் மூச்சு இடந்தராமை, உதடு நீலித்தல், நிவாரண மருந்துக்கும் தணியாமை ஆகியன தோன்றின் செயலியைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைத்தல் வேண்டும்.

திறன்பேசி இல்லாதோர் வருந்தவேண்டியதில்லை. நாலு கோடிட்ட கொப்பி ஒன்றும் இதே பணியைச் செய்யும். எதில் எழுதினும் மெய்யாகவும் இடைவிடாமலும் எழுதி, வைத்தியர் முன் வைத்தலே பயன் தருவது. அங்ஙனம் வைக்கப்பட்ட குறிப்பு, நோயாளி மறந்த இரவுகளையும் வைத்தியருக்கு உரைக்கும்.