ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் ஒரு மறுப்பு அறிக்கை வெளியிட்டது. நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டதாகப் பரவும் செய்தி பொய். அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு இணையத் தொடர்பே கிடையாது, அதனால் தாக்கவும் முடியாது என்றது அறிக்கை. மறுநாளே மேலிடமான இந்திய அணுமின் கழகம் வேறு மாதிரி பேசியது. நச்சுநிரல் புகுந்தது உண்மைதான். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைக் கண்டு தகவல் சொல்லிவிட்டது என்றது.

மாட்டிக்கொண்டது, நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி. புகுந்த நிரலின் பெயர் ‘டிடிராக்’. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொள்வது, பிரவுசரில் பார்த்த பக்கங்களைத் திரட்டுவது, வட்டில் உள்ள கோப்புகளைப் பட்டியல் போடுவது எல்லாம் இதற்குத் தெரிந்த வேலைகள். உலையை இயக்கும் உள்வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்று கழகம் விளக்கியது.

கூடங்குளத்துக்கு உளவு நிரல் வரக் காரணம் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்கே, அம்பாசமுத்திரத்தில் மகளின் கல்லூரிப் புராஜெக்டும் கல்யாண ஆல்பமும் கிடக்கிற லேப்டாப்பை யார் சீண்டப் போகிறார்கள்? ஆனால் வீட்டுக் கணினிகளைத் தாக்கும் நிரல்களில் பெரும்பாலானவை ஆள் பார்த்து வருவதில்லை. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நுழையும். ஆல்பத்தைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும், அல்லது வங்கிப் பாஸ்வேர்டைத் திருடும்.

லேப்டாப் கொஞ்சம் மெதுவாக ஓடினால் கடைக்கு எடுத்துப்போவார்கள். “அண்ணாச்சி, ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்களா? இல்லன்னா ஒரு வருசத்துக்குப் போட்டிருவமா?” என்ற கேள்வி வரும். பதில் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்தக் கணினியில் ஓடுவது எந்த விண்டோஸ் என்பதை.

விண்டோஸ் 7-இல் ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. ஆனால் அது உளவு நிரல்களை மட்டுமே கவனித்தது. முழு ஆன்டிவைரஸ் வேண்டுமென்றால் தனியாகத்தான் போட வேண்டும். கடைக்காரர் கேட்கும் கேள்வி அந்தக் காலத்தில் நியாயமானது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டரே முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது. விண்டோஸ் 10, 11 கணினிகளில் காசு கேட்காமல், பெரும்பாலும் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற ஆய்வகங்களின் சோதனைகளில் அண்மை ஆண்டுகளாக விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண்ணை அது வாங்குகிறது. வேறு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

ஆகவே, அப்டேட் ஒழுங்காக வரும் விண்டோஸ் 11 கணினி உள்ள சராசரி வீட்டுக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்கும் அவசியம் இல்லை. ‘அப்டேட் ஒழுங்காக வரும்’ என்ற நிபந்தனையில்தான் சிக்கல்.

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற பணயநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கின. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. இதில் ஒரு நுணுக்கம்: விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். அது திருடனைத் தெரிந்துவைத்திருக்கும். ஆனால் உடைந்த கதவைச் சரிசெய்யாது. கடையில் வாங்கும் ஆன்டிவைரஸுக்கும் இது பொருந்தும்.

பழக்கவழக்கமும் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவ் திரும்பி வரும்போது, உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்த்தவர்கள் பலர். அப்படி ஊர் சுற்றிய டிரைவைச் செருகியதும் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுத்தால் பழைய வகை நிரல்கள் பெரும்பாலும் சிக்கிவிடும்.

திருட்டு மென்பொருளின் கதை வேறு. ஃபோட்டோஷாப்பையோ விண்டோஸையோ ‘கிராக்’ செய்து தரும் கோப்புடன் வரும் குறிப்பில் முதல் வரியே பெரும்பாலும் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்பதுதான். ‘ஸ்டாப்’ அல்லது ‘ஜாவு’ எனப்படும் பணயநிரல் குடும்பம் வீட்டுக் கணினிகளுக்குள் வந்ததே முக்கியமாக இந்த வழியில். உரிமையாளரே காவலை அணைத்துவிட்ட பிறகு, அது இலவசமா விலை கொடுத்து வாங்கியதா என்பதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பின் யாருக்குத்தான் காசு கொடுத்து வாங்குவது? வீட்டிலேயே கணக்கு, வரி வேலை பார்ப்பவர்கள், வாடிக்கையாளர்களின் பென் டிரைவை நாள் முழுக்கச் செருகும் கடைக்காரர்கள், பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேடும் பெற்றோர் யோசிக்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என இந்தியத் தயாரிப்புகளும் உண்டு. புது லேப்டாப்பில் சோதனைக் காலத்துக்கென்று வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி ‘ஆபத்து, ஆபத்து’ என்று மிரட்டிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடலாம். டிஃபெண்டர் வேலைக்குத் திரும்பிவிடும்.

காவலுக்கு வைப்பதும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆன்டிவைரஸுக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தைச் சேர்த்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணயநிரல் முடக்கியபோது, நோயாளிகளின் தகவல்களை மீட்க உதவியது பாதிக்கப்படாத ஒரு பேக்-அப் சர்வர். வீட்டிலும் கல்யாண ஆல்பத்தை மாதம் ஒருமுறை நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் நகலும் சேர்ந்து பூட்டப்படும்.

பழைய அரசு லேப்டாப் வைத்திருப்போருக்கு இன்னொரு வழி. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில் தந்தவற்றில் விண்டோஸ் 7-உடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸ் 11 ஏறாத அந்தக் கணினிகளில், அவை தாங்கக்கூடிய புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டால், பிள்ளைகளின் பாடத்துக்கும் வீடியோவுக்கும் இன்னும் உழைக்கும். விண்டோஸுக்கென எழுதிய வைரஸ்கள் அதில் சாதாரணமாக ஓடாது.

ஆனால், ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று போனில் அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லி ஓடிபி கேட்பவனை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தடுக்க முடியாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க முயல்வார்கள். கணினியில் ஏதோ புகுந்திருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் இருந்தால், டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் நச்சுநிரல்களை நீக்கும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.