துயர்நோயும் அறிதுயிலும்

ஜொகூர் பாரு நகரை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டு மனநோயாளர்க்கென ஒரு பெரிய மருத்துவமனை தோன்றியது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை ஒன்று அங்கு வந்து தங்கிற்று. ஜப்பானியர் நெருங்கவே, 1942 ஜனவரியில் அது சிங்கைக்குப் பெயர்ந்தது. தம்போய் மருத்துவமனைக்கு இன்று வழங்கும் பெயர் 'பெர்மாய்' என்பது. அழகையும் இனிமையையும் குறிக்கும் மலாய்ச் சொல் அது. பேராவில் 1911ஆம் ஆண்டு தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையும் இவ்வாறே 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயரைப் பெற்றுள்ளது. பெயர் மாறியும் பேச்சு மாறவில்லை. "இவனைத் தம்போய்க்கு அனுப்பவேண்டும்" என்னும் கேலி ஜொகூரில் இன்னும் மறையவில்லை. அக்கேலிக்கு அஞ்சியே துயர்நோய் உற்றவர் பலர் வாய் திறவாதிருக்கின்றனர்.

அவர் தொகை சிறிதன்று. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 4.6 பேர், ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள், மனச்சோர்வு நோய்க்கு ஆட்பட்டிருந்தனர். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் பெரியவரிடையே இது 2.3 ஆக இருந்தது.

மனச்சோர்வு என்பது ஒருநாள் வருத்தமன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டு கிடத்தல், விரும்பிய எதிலும் சுவையின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்தல் ஆகியவை ஒருங்கு கூடின் அது நோயாகும். சோர்வும் அளவிறந்த எழுச்சியும் மாறி மாறி வருவது இருமுனை நோய். இவையும் இவற்றைச் சார்ந்தனவும் மனநிலைக் கோளாறுகள் எனப்படுகின்றன. நோயாளர் பலர், "மனம் சரியில்லை" என்று சொல்லி வருவதில்லை. "நெஞ்சு கனக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது" என்றே வருவர். தமிழாசிரியருக்கு இதில் வியப்பிராது. உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று தனி இயலில் வகுத்தார். அழுகைக்கு அவர் காட்டும் நிலைக்களன்கள், பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், நிலை தாழ்தல், வறுமையுறுதல் ஆகிய நான்கு. இன்றைய மருத்துவர் ஒருவர் நோயாளியின் வரலாற்றை வினவும்போது, இந்நான்கையும் தாண்டி நெடுந்தொலைவு செல்வதில்லை.

இந்நோய்க்கு மருந்து உண்டு. மருந்தோடு உரையாடல் மருத்துவமும் உண்டு. உரையாடல் மருத்துவத்தில் இன்று பெரிதும் பயிலப்படுவது, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆரன் பெக் என்பார் 1960களில் வகுத்த எண்ணச் சீரமைப்பு முறை. துயருற்றவன் தன்னையும் உலகையும் வருங்காலத்தையும் ஒருசேர இருளாகக் காண்கிறான். அவ்வெண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்று கேட்டு ஆராயின் பிடி தளரும் என்பது அதன் அடிப்படை. முறை நன்று. ஆயினும் அதற்கொரு முட்டுப்பாடு உண்டு. "நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்பது உண்மையன்று" என நோயாளி அறிவால் ஒப்புவான், நெஞ்சு ஒப்பாது. இறுகிய உடலும் கலங்கிய மனமுமாக நாற்காலியின் நுனியில் அமர்ந்திருப்பவனிடம் எவ்வளவு நல்ல வாதமும் மேலோடு போய்விடும்.

இவ்விடத்தில்தான் உடலை இளக்கும் பயிற்சி துணைக்கு வருகிறது. சிக்காகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொரு தொகுதியாக இறுக்கிப் பின் நெகிழவிடும் முறையை 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஜெர்மனியில் யோகன்னஸ் சுல்ட்ஸ், கைகால் கனப்பதாகவும் வெதுவெதுப்பதாகவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பயிற்சியை 1932இல் நூலாக்கினார். யோகத்தில் சவாசனம் பயின்றவருக்கு இவை புதுமையாகத் தோன்றா. இத்தகைய பயிற்சியால் மனச்சோர்வு தணியுமா என்று நடந்த ஆய்வுகளை, கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 2008ஆம் ஆண்டு திரட்டி ஆராய்ந்தது. ஒன்றும் செய்யாதிருப்பதினும் பயிற்சி நன்று, ஆனால் உரையாடல் மருத்துவத்தின் அளவுக்குப் பயன்தராது என்பதே கண்ட முடிவு. எனவே அதன் இடம் துணையின் இடமே.

இங்கே சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். இப்பயிற்சியைத் தமிழில் 'தளர்வுப் பயிற்சி' என்கிறோம். ஆனால் தளர்ச்சி என்பது சோர்வுக்கும் பெயர். முன்னமே தளர்ந்து வந்த நோயாளியை நோக்கி, "தளருங்கள்" என்றால் அவன் என்ன கொள்வான்? 'இளைப்பாறுதல்' என்னும் பழஞ்சொல் எளியது. இளைப்பு ஆறுதல் என்று பிரித்தால் நோயும் மருந்தும் அதற்குள்ளேயே கிடக்கக் காணலாம்.

இதனினும் பெரிய குழப்பம் ஹிப்னாட்டிசம் என்பதன் பெயரில் உள்ளது. மேடை வித்தைக்காரரின் சுவரொட்டிகள் அதனை 'மனவசியம்' என்று பரப்பின. வசியம் என்றால் ஒருவன் மற்றொருவனைத் தன்வயப்படுத்துதல். அஞ்சுபவன் அதைக் கேட்டு ஓடுகிறான். ஏமாறுபவனோ, பணம் பெற்றுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே அமர்வில் போக்குவதாகச் சொல்பவனிடம் போய்ச் சேருகிறான். இரண்டும் கேடு.

வரலாறும் வசியக் கொள்கையை மறுக்கிறது. மெஸ்மர் என்பார் தம்மிடமிருந்து ஒரு காந்த ஆற்றல் நோயாளிக்குப் பாய்வதாகச் சொன்னார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த ஆய்வுக்குழு அத்தகைய ஆற்றல் எதுவும் இல்லையென்று கண்டது. பிறகு 1813ஆம் ஆண்டு பாரிசில் இத்துறை பற்றிப் பேச எழுந்தவர் கோவாவிற் பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார். செய்பவனிடம் மாயமில்லை, நிகழ்வதெல்லாம் உறங்குபவனின் உள்ளத்திலிருந்தே எழுகின்றன என்று அவர் கூறினார். இந்திய மண்ணில் பிறந்த ஒருவர் அன்றே இவ்வளவு தெளிவாகச் சொன்னதை நம்மவர் பலர் அறியார். 1843இல் நூலெழுதிய மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, கிரேக்கரின் உறக்கத் தெய்வமாகிய ஹிப்னாஸின் பெயரால் இந்நிலையை வழங்கினார். இஃது உறக்கமன்று, ஒரே எண்ணத்தில் மனம் ஊன்றி நிற்றலே என்று பின்னர்க் கண்டு, பெயரை மாற்ற முயன்றார். உலகமோ முதற்பெயரை விடவில்லை.

பிரெய்டுக்குக் கிட்டாத சொல் தமிழில் இருந்தது. அறிதுயில்! திருமாலின் பள்ளிகொண்ட கோலத்தைக் குறித்துச் சிலப்பதிகார நாடுகாண் காதையில் வரும் சொல் அது. துயில்வது போன்றிருந்தும் அறிவு விழித்திருக்கும் நிலை என்பது அதன் பொருள். கலைச்சொல்லாக்கியோர் இதனை ஹிப்னாசிஸுக்கு எடுத்தாண்டது மிகப் பொருத்தம். அறிதுயிலில் இருப்பவர் மருத்துவரின் குரலைக் கேட்கிறார், வேண்டாததை மறுக்கிறார், விரும்பினால் கண்விழித்து எழுந்துவிடுகிறார்.

உரையாடல் மருத்துவத்தோடு இது சேரும் முறை வருமாறு. முதற்சில சந்திப்புகளில் அறிதுயிலே இல்லை. நோயாளியின் வரலாறு கேட்கப்படுகிறது. அவரை வாட்டும் எண்ணங்கள் அவர் சொல்லாலேயே எழுதப்பட்டுச் சான்றோடு ஆராயப்படுகின்றன. பின்னரே மூச்சைச் சீராக்கி, உடலை இளைப்பாறச் செய்து, கவனத்தை ஒருமுகப்படுத்தி அறிதுயிலுக்கு இட்டுச்செல்வர். முன்பு அறிவால் ஒப்புக்கொண்ட மாற்றெண்ணம் அந்நிலையில் மெல்லிய சொற்களால் சொல்லப்படுகிறது. நாளைக் காலை எழுந்து முகங்கழுவி வாசல்வரை நடப்பதை நோயாளி மனத்தில் நடத்திப் பார்க்கிறார். அதனையே வீட்டில் தாமே செய்யவும் கற்றுக்கொள்கிறார்.

கனடாவில் இம்முறையை வளர்த்த அசன் அலாடின் ஒரு நயமான கருத்தை வைத்தார். "எனக்கு விடிவில்லை, எனக்கு விடிவில்லை" என்று நாள் முழுதும் தனக்குள் உருவேற்றிக்கொண்டிருக்கும் துயர்நோயாளி, அறியாமலே தன்மேல் ஓர் அறிதுயிலைச் செய்துகொள்கிறான் என்பது அது. அப்படியாயின் மருத்துவர் புதிதாக மயக்கம் தருவதில்லை. இருக்கும் மயக்கத்தின் சொற்களை மாற்றுகிறார் எனலாம்.

பயன் எவ்வளவு? அலாடினும் உடனாய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற 84 பேர் இரு பிரிவாகி, ஒரு பிரிவினர் எண்ணச் சீரமைப்பை மட்டும், மறுபிரிவினர் அதனோடு அறிதுயிலையும் பதினாறு வாரங்கள் பெற்றனர். இரு பிரிவினரும் தேறினர். இரண்டாம் பிரிவினர் சற்றே மிகுதியாகத் தேறினர். 'சற்றே' என்பதை விட்டுவிட்டு விளம்பரம் செய்வோர் உளர். ஜெர்மனியில் 152 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, மிதமான மனச்சோர்வில் அறிதுயில் மருத்துவம் எண்ணச் சீரமைப்புக்குத் தாழ்ந்ததன்று எனக் காட்டிற்று. இதற்கு முன் 1995இல் கிர்ஷ் என்பாரும் துணைவரும் பதினெட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பெரும்பயன் கூறியதை அடிக்கடி மேற்கோள் காட்டுவர். அவற்றில் பல உடற்பருமன் முதலிய வேறு குறைகளைப் பற்றியவை என்பது நினைவிலிருக்க வேண்டும்.

அறிதுயிலில் ஆழ்வதும் எல்லார்க்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. மிக எளிதில் ஆழ்வோர் சிலர், சிறிதும் ஆழாதோர் சிலர், பெரும்பாலோர் இடைப்பட்டவர். உடலை இளக்கத் தொடங்கியதும் படபடப்பு மிகுவோரும் உண்டு. அவரைக் கண்மூடும்படி வற்புறுத்துதல் தவறு. புலன்மயக்கம் உடையோர்க்கும், இருமுனை நோயின் எழுச்சி நிலையில் உள்ளோர்க்கும் இது ஏற்றதன்று. அவர்க்கு மருந்தே முதல். உயிர்விடும் எண்ணம் வலுத்தவரை அறிதுயில் நாற்காலியில் அமர்த்திக் காலங்கடத்துதல் ஆகாது. மறந்த நினைவுகளைத் தோண்டியெடுப்பதாகச் சொல்லி இதனைக் கையாண்டோரால், நடவாதவற்றையும் நடந்ததாக நோயாளர் நம்ப நேர்ந்த கேடு 1980, 1990களில் மேலைநாடுகளில் பெரிதாயிற்று.

இனி மொழி. மாத்திரைக்கு மொழியில்லை, அறிதுயிலுக்கோ மொழியே கருவி. ஒருவர்க்கு ஆங்கிலமும் மலாயும் தெரிந்திருக்கலாம். ஆனால் அழும்போது வரும் மொழி வேறு. தாயின் வாய்மொழியில் சொல்லப்படும் "அஞ்சாதே" என்பதற்குரிய ஆழம் மொழிபெயர்ப்புக்கு வாராது. படிமங்களும் அவ்வாறே. மேலைநாட்டுப் பயிற்சிநூல்கள் பனிமலையையும் கடற்கரை மாளிகையையும் நினைக்கச் சொல்கின்றன. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தோட்டத்தில் வளர்ந்த மூதாட்டிக்கு அவை எதற்கு? அதற்காக விடியற்காலை ரப்பர்க் காட்டை வருணித்தால் அவர் அமைதியுறுவார் என்று தாமே முடிவுகட்டுவதும் பிழை. அவ்விடியல் அவருக்குக் குளிரும் கொசுவும் கங்காணியின் அதட்டலுமாக இருந்திருக்கலாம். "எங்கே இருந்தால் உங்கள் மனம் அமைதியாயிருக்கும்?" என்று முதலில் கேட்கவேண்டும். கோயில் மண்டபத்தின் குளிர்ந்த தரை என்பார் ஒருவர்; பேரன் உறங்கும் தொட்டிலருகே என்பார் மற்றொருவர். அச்சொற்களைக் கொண்டே மருத்துவர் பேசவேண்டும். தமிழறிந்த உளமருத்துவரும் உளவியலாளரும் இத்துறைக்கு வேண்டும் என்று சொல்வது மொழிப்பற்றினால் மட்டுமன்று.

ஜொகூரில் நோயாளி முதலில் நாடத்தக்கது அண்மையிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையம். அங்கிருந்து பெர்மாய்க்கோ சுல்தானா அமீனா மருத்துவமனைக்கோ அனுப்புவர். மருத்துவ உளவியலாளர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்துள் அடங்குவர். ஆதலால், அறிதுயில் செய்வதாகச் சொல்பவரிடம், மருத்துவத்திலோ உளவியலிலோ அவர் பெற்ற தகுதி யாது என்று வினவுவது முறையே ஆகும். தகுதியுடையவர் அதற்குச் சினவார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, "எனக்குச் சாகத் தோன்றுகிறது" என்று மருத்துவரிடம் சொல்பவர் காவல் நிலையத்தை நினைத்து அஞ்சவேண்டியதில்லை.