ஹைதராபாத்தில் ஷேர் ஆட்டோ: பயணமும் பாதுகாப்பும்

பணி மாற்றத்தால் தமிழகத்திலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயரும் வாடிக்கையாளர்கள் பலரும், முதல் மாத வரவு செலவைப் பார்த்து வியப்பது வீட்டு வாடகையைக் கண்டு அன்று. போக்குவரத்துச் செலவைக் கண்டுதான். 2017 நவம்பரில் தொடங்கிய மெட்ரோ இரயில் இன்று மூன்று வழித்தடங்களில் ஏறத்தாழ 69 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. எனினும் நிலையத்தில் இறங்கியபின் எஞ்சும் மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு நாள்தோறும் தனி ஆட்டோவோ வாடகைக் காரோ அமர்த்தினால், மெட்ரோவில் மிச்சப்படுத்தியது அங்கே கரைந்துவிடும். இந்த இடைவெளியை நிரப்புவது ஷேர் ஆட்டோ.

சென்னையில் ஷேர் ஆட்டோவில் பழகியவர்களுக்கு இதில் புதுமை குறைவே. குறிப்பிட்ட சில சந்திப்புகளில் ஆட்டோக்கள் காத்து நிற்கும். ஓட்டுநர் செல்லுமிடத்தைக் கூவி அழைப்பார். இருக்கைகள் நிரம்பியதும் வண்டி புறப்படும். ஹைதராபாத்தில் பயணிக்குச் 'சவாரி' என்று பெயர். 'ஏக் சவாரி' என்று குரல் கேட்டால் இன்னும் ஓர் இடம் மீதமுள்ளது என்று கொள்ளலாம். இறங்குமிடம் வந்ததும் தெலுங்கில் 'ஆப்பண்டி' என்றாலும், தக்கினி உருதுவில் 'ரோக்கோ பாய்' என்றாலும் வண்டி நிற்கும்.

மெட்ரோ எட்டாத பகுதிகளில்தான் இதன் அருமை தெரியும். மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தோடு மெட்ரோ நின்றுவிடுவதால், சார்மினாரைக் காணச் செல்வோர் அப்சல்கஞ்சில் ஷேர் ஆட்டோ ஏறி, மூசி நதியின் மேலுள்ள நயாபுல் பாலத்தைக் கடந்து மதினா சந்திப்பை அடையலாம். அங்கிருந்து பத்தர்கட்டி கடைவீதியில் நடந்து செல்வதே நல்லது. சார்மினாரைச் சுற்றி வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மெஹ்திப்பட்டணத்திலிருந்து டோலிச்சௌக்கி, கோல்கொண்டா பக்கமும், ராயதுர்க்கம் மெட்ரோ நிலையத்திலிருந்து கச்சிபௌலி அலுவலகங்களின் பக்கமும் இவ்வாறே செல்லலாம்.

கணக்கு எளிது. ஒரு தூரத்துக்குத் தனி ஆட்டோ 90 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூவர் பகிர்ந்தால் தலைக்கு 30. ஐவர் ஏறினால் தலைக்கு 20 வாங்கினாலும் ஓட்டுநருக்கு 100 கிடைக்கும். ஐவரை ஏற்றும் ஆசை பிறப்பது இங்கேதான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாடகை ஊர்திகளை இரண்டாகப் பிரிக்கிறது. பேருந்தைப் போல வழியெங்கும் பயணிகளை ஏற்றி இறக்கித் தனித்தனியே கட்டணம் வாங்குவது 'ஸ்டேஜ் கேரேஜ்'. முழு வண்டியையும் ஒருவரோ ஒரு குழுவோ அமர்த்திக்கொள்வது 'காண்ட்ராக்ட் கேரேஜ்'. மூன்று பயணிகளுக்கான ஆட்டோவுக்குக் கிடைப்பது இரண்டாவது வகை அனுமதியே. ஆக, ஷேர் ஆட்டோவாக ஓடும்போது அது தன் அனுமதியின் வரம்பைத் தாண்டுகிறது. அனுமதிக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் அபராதம் உண்டு. ஓட்டுநரின் பக்கத்தில் ஒருவரை நெருக்கி உட்காரவைப்பது, வண்டியைக் கட்டுப்படுத்த இடையூறாவதால், தனிக் குற்றம்.

இத்தகைய பகிர்வு ஊர்திகளுக்கு உலகில் வேறிடங்களில் முறையான இடம் உண்டு. கரீபியன் தீவான டிரினிடாடில் 'மேக்ஸி டாக்ஸி' வேனின் மேலுள்ள பட்டையின் நிறமே அது எந்தப் பகுதிக்கு உரியது என்று சொல்லிவிடும். ஜமைக்காவில் உரிமம் பெற்ற தடவழி டாக்ஸிகளைச் சிவப்பு எண் பலகையால் அறியலாம். ஏறுபவர் அனுமதியைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்கிறார். நம் ஊரில் அந்த வசதி இல்லை.

அபராதம் ஓட்டுநரின் பாடு என்று பயணி விட்டுவிடலாம். காப்பீட்டை அவ்வாறு விட முடியாது. விபத்து நேர்ந்தால் பயணிக்கு இழப்பீடு கிடைப்பது வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டின் வழியாக. அனுமதி மீறலைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் ஆட்சேபம் எழுப்பச் சட்டத்தில் இடமுண்டு. கூடுதலாக ஆட்களை ஏற்றிய வண்டியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2007-இல் அஞ்சனா ஷியாம் வழக்கில் தெளிவாகவே கூறியது: காப்பீடு எத்தனை பேருக்கோ, அத்தனை பேருக்கான தொகைக்கே நிறுவனம் பொறுப்பு. அந்தத் தொகை பாதிக்கப்பட்ட அனைவருக்கும் விகிதப்படி பகிரப்படும். மீதியை வண்டி உரிமையாளரிடமிருந்து பெற வேண்டும். தவணையில் ஆட்டோ வாங்கிய ஒருவரிடம் எவ்வளவு பெற முடியும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஓட்டுநர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் மகாலட்சுமி திட்டத்தின்கீழ் பெண்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் இலவசப் பயணம் வழங்கப்படுகிறது. பெண்களுக்கு இது பெரும் நன்மை. ஆட்டோ ஓட்டுநர்களோ தங்கள் வருமானம் குறைந்ததென்று போராடினர். சவாரி குறைந்த நாளில் நான்காவது ஆளை ஏற்றாமல் விடுவது அவர்களுக்கு எளிதன்று. (தமிழகத்திலிருந்து புதிதாக வந்த பெண்கள் கவனிக்க: இலவசப் பயணம் தெலங்கானாவில் வசிப்போருக்கே. அடையாள அட்டையில் முகவரியை மாற்றிய பின்னரே பயன்பெற இயலும்.)

ஷேர் ஆட்டோவை விலக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்துவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகும். ஓட்டுநரின் அருகே அமர எந்நாளும் உடன்படலாகாது. ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு, சில்லறையைக் கையில் வைத்திருத்தல் நலம்.

வண்டியின் காப்பீட்டை மட்டும் நம்பாமல், நம் பெயரிலும் ஒரு காப்பீடு இருக்கட்டும். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்குதாரர்களுக்கு உரியது. விபத்தில் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். இதில் ஆட்டோவின் அனுமதி பற்றிய கேள்வி எழாது. ஆண்டு பிரீமியம் 20 ரூபாய். ஷேர் ஆட்டோவில் ஓரிரு சவாரிக்கு ஆகும் தொகை.

காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அவ்வேளையில் இருப்பு இல்லையெனில் காப்பீடு நின்றுபோகும். ஆதலால் மே இறுதியில் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பல வங்கிகளில் கணக்கு இருந்தாலும் ஒரே கணக்கின் வழியாகத்தான் இதில் சேர முடியும். நியமனதாரரின் பெயரைப் பதிவுசெய்துவிட்டு, எந்தக் கணக்கின் வழியே சேர்ந்தோம் என்பதை வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். சாலை விபத்தெனில் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை நகலும் உரிமைக் கோரிக்கையுடன் தேவைப்படும்.