விலையில்லா மென்பொருளின் விலை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லைப் பார்க்க வேண்டாம், சரிதான். ஆனால் தொழுவத்தில் கட்டிய பிறகு அதற்கு நாள்தோறும் வைக்கோல் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், நோய் கண்டால் மருந்து கொடுக்க வேண்டும். விலையின்றி வந்த மாடு என்பதற்காக அது தீனியைக் குறைத்துக்கொள்வதில்லை. நம் அரசு அலுவலகங்கள் பல தங்கள் இணையதளங்களுக்காக எடுத்துக்கொண்டிருக்கும் திறந்த மூல மென்பொருளும் இத்தகையதே. அதன் பெருமையைப் பலர் பேசிவிட்டனர். அதைக் கட்டிக் காப்பதில் உள்ள சங்கடங்களைச் சங்க அன்பர்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

இது கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஊரைவிட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து படிக்கும் நமக்கு, ஊரிலுள்ள அலுவலகத்தின் வாசல் அதன் இணையதளந்தான். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, போட்டித் தேர்வு என்று எதற்கும் அந்த வாசலில்தான் நிற்கிறோம். உள்ளூரில் இருப்பவர் தளம் படுத்துவிட்டால் பேருந்தேறித் தாலுகா அலுவலகத்துக்குப் போய்விடலாம். நாம் என்ன செய்வது?

முதலில் இம்மென்பொருள் இன்னதென்று பார்ப்போம். முன்பெல்லாம் இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நிரல் தெரிந்த ஒருவர் கையால் எழுத வேண்டும். ஓர் அறிவிப்பின் தேதி மாறினாலும் அவரைத்தான் தேட வேண்டும். இத்தொல்லையை நீக்க வந்தவையே ட்ருபல், வேர்ட்பிரஸ் போன்றவை. இவற்றில் செய்திகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் வேறோரிடத்தில் இருக்கும். நாம் பக்கத்தைக் கேட்கும் நொடியில் இரண்டையும் சேர்த்து மென்பொருள் பரிமாறுகிறது. எழுத்தர் ஒருவர் படிவத்தை நிரப்புவதுபோல் செய்தியைத் தட்டச்சு செய்தால் போதும். அடிப்படையான பகுதியைக் கரு என்றும், தேவைக்கேற்பச் சேர்ப்பவற்றை மாட்யூல் என்றும், தோற்றத்தைத் தீம் என்றும் வழங்குவர்.

ட்ருபலைத் தொடங்கியவர் பெல்ஜிய நாட்டு மாணவர் டிரீஸ் பைட்டார்ட். மாணவர் விடுதியில் நண்பர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதியதை 2001இல் உலகுக்குத் திறந்துவிட்டார். ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் எவரும் இதைப் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். உரிமக் கட்டணம் ஒரு காசும் இல்லை. 2009இல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே ட்ருபலுக்கு மாறியது. நம் நாட்டில் 2012இல் வந்த அரசுத் தரவுத் தளமும், 2014இல் தொடங்கிய மைகவ் தளமும் ட்ருபல் கொண்டு கட்டப்பட்டன. 2015இல் மத்திய அரசு, மின்னாளுகையில் திறந்த மூல மென்பொருளுக்கே முதலிடம் தர வேண்டுமெனக் கொள்கை வகுத்தது. மக்கள் வரிப்பணம் மிச்சமாகிறது. ஒரே நிறுவனத்துக்கு அடிமைப்பட வேண்டியதில்லை. உள்ளே நடப்பதை நாமே சோதிக்கலாம். இக்காரணங்களை நான் மறுக்கவில்லை. சங்கடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எந்த மென்பொருளிலும் ஓட்டை உண்டு. மூடிய மென்பொருளிலும் உண்டு, திறந்ததிலும் உண்டு. திறந்ததில் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாகும்போது, அத்திருத்தத்தை எல்லாரும் படிக்கலாம். எந்த வரி மாறியது என்று பார்த்தால் ஓட்டை எங்கிருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் வெளியான நொடியிலிருந்து ஓர் ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. தளத்தைக் காப்பவர் முந்த வேண்டும். அல்லது திருடன் முந்திவிடுவான்.

இது கற்பனையன்று. 2014 அக்டோபர் 15ஆம் நாள், ட்ருபலின் ஏழாம் பதிப்பில் இருந்த ஒரு பெரும் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டனர். இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழுவே ஓர் எச்சரிக்கை விடுத்தது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளம் ஒவ்வொன்றும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அந்த ஏழு மணி நேரம் நம் கடிகாரத்தில் எப்போது? இரவு ஒன்பதரை முதல் விடியற்காலை நாலரை வரை! எந்த அலுவலகத்தில் அந்நேரம் விளக்கு எரிந்திருக்கும்?

2018இல் இதேபோன்ற மற்றொன்று நேர்ந்தது. இம்முறை ஒரு வாரம் முன்னதாகவே எச்சரித்துவிட்டு, மார்ச் 28 புதன்கிழமை, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டித் திருத்தம் வெளியிட்டனர். மறுநாள் வியாழன் மகாவீரர் ஜயந்தி. வெள்ளி, புனித வெள்ளி. அப்புறம் சனி, ஞாயிறு. தில்லியின் மத்திய அரசு அலுவலகங்களுக்குத் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை! நல்வினைப் பயனாக, அவ்வோட்டையைப் பயன்படுத்தும் வழி பகிரங்கமாவதற்கு இரண்டு வாரம் பிடித்தது. 2014இல் நடந்த வேகத்தில் நடந்திருந்தால், திங்கட்கிழமை வந்து பார்ப்பவர்க்கு எஞ்சியிருப்பது என்ன? வெளிநாட்டு நாட்காட்டிப்படி வரும் திருத்தம் நம் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது சங்கடம் ஒப்பந்த முறையிலிருந்து வருகிறது. டெண்டர் கோரி, ஒரு நிறுவனத்தைக் கொண்டு தளத்தைக் கட்டுவார்கள். திறப்பு விழா நடக்கும், பணம் பட்டுவாடா ஆகும், நிறுவனம் போய்விடும். பாலம் கட்டுவதற்கு இம்முறை ஒருவாறு பொருந்தலாம். வாரந்தோறும் கவனிக்க வேண்டிய பொருளுக்கு எப்படிப் பொருந்தும்? மேலும், அவசரத்தில் சில நிறுவனத்தார் மாட்யூல் எழுதிச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கருவிலேயே கைவைத்து மாற்றிவிடுவதுண்டு. அப்படி மாற்றிய தளத்தில் புதிய திருத்தத்தை ஏற்றினால், செய்த மாற்றம் அழிந்து தளம் நொண்டும். அஞ்சிய அலுவலர் திருத்தத்தையே ஏற்றாமல் விடுகிறார். என்ன மாற்றினோம் என்பதை அறிந்தவர் பழைய நிறுவனத்தார் மட்டுமே. ஒரு நிறுவனத்துக்கு அடிமைப்படாதிருக்கத்தான் திறந்த மூலத்துக்கு வந்தோம். வந்த இடத்திலும் அதே விலங்கு!

மூன்றாவது, பதிப்புகளின் ஆயுள். ட்ருபல் ஏழாம் பதிப்பு 2011இல் வந்தது. எட்டாம் பதிப்பு 2015இல் வந்தபோது அதன் உள்ளமைப்பே வேறாகிவிட்டது. ஏழில் ஓடிய மாட்யூல்கள் எட்டில் ஓடா. எனவே பதிப்பு மாற்றம் என்பது ஏறத்தாழ வீட்டை இடித்துக் கட்டுவதாயிற்று. இதனால் உலகெங்கும் பலர் ஏழிலேயே தங்கினர். அவர்கள் பொருட்டு அதன் ஆயுளைப் பலமுறை நீட்டித்து, முடிவில் 2025 ஜனவரி 5ஆம் நாள் ஆதரவை நிறுத்தினர். இன்னொரு விந்தை கேளுங்கள். புதிய எட்டாம் பதிப்பின் ஆதரவு அதற்கு முன்பே, 2021 நவம்பரில் முடிந்துவிட்டது! அது சிம்ஃபனி என்னும் வேறொரு விலையில்லா மென்பொருளின் மேல் நின்றது. அதன் காலம் முடியவே இதன் காலமும் முடிந்தது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போவது எளிதாகவே இருந்தது. ஆனால் அந்த எளிய வேலைக்கும் ஓர் ஆள் வேண்டுமே!

நான்காவது சங்கடம் நம் மொழியைத் தொடுவது. இம்மென்பொருளில் ஒரே செய்தியின் ஆங்கில வடிவமும் தமிழ் வடிவமும் தனித்தனிப் பதிவுகள். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானே திருந்தாது. ஈராண்டுக்கு முன் ஓர் உதவித்தொகைக்காக நான் ஓர் அலுவலகத்தின் தளத்தைப் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்திலிருந்த படிவத்தை என் தந்தையார் ஊரில் அச்சிட்டு நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது முந்திய ஆண்டின் படிவமென்று திருப்பிவிட்டார்கள். புதிய படிவம் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் இருந்தது. மென்பொருள் இரு மொழிக்கும் இடம் தந்திருந்தது. இரண்டாம் முறை ஏற்ற ஆள்தான் இல்லை. ஆங்கிலம் அறியாத என் தந்தையார்க்கு ஒருநாள் கூலி போயிற்று.

பாதுகாப்புச் சோதனை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அரசுத் தளங்களை ஏற்றுமுன், செர்ட்-இன் அமைப்பின் பட்டியலிலுள்ள தணிக்கையாளரிடம் சோதித்துச் சான்று பெற வேண்டும். ஆனால் சான்று, சோதித்த நாளைக்குத்தான் பொருந்தும். மறுவாரம் புதிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், சென்ற வாரத்துச் சான்று என்ன செய்யும்?

கவனிப்பு இல்லாவிடில் பழி எங்கே போய் விழுகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 ஏப்ரல் 6ஆம் நாள், பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் திடீரெனச் சீன எழுத்தொன்று தோன்றியது. தளம் ஊடுருவப்பட்டது என்றே அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் வெளிப்படையாக எழுதினார். நாடெங்கும் பரபரப்பு. பிறகு தேசியத் தகவலியல் மையம் விளக்கியது: சேமிப்புக் கருவியில் பழுது நேர்ந்து பத்து அளவிலான தளங்கள் நின்றுபோயின, அத்தளம் ட்ருபலில் ‘ஜென்’ என்னும் தீமைப் பயன்படுத்தியது, பழுதினால் அத்தீமின் இயல்பான சின்னம் வெளியே தலைகாட்டியது. அச்சின்னம் ‘ஜென்’ என்பதற்கான எழுத்தே. பிறர் செய்து கொடுத்த பொருளில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அறிந்தவர் ஒருவர் அருகிலிருந்திருந்தால், ஒரு சின்னத்தைப் பகைவன் என்று எண்ணி மருள நேர்ந்திராது.

அப்படியானால் திறந்த மூலத்தைக் கைவிடலாமா? கூடாது என்பதே என் துணிபு. மூடிய மென்பொருளில் ஓட்டை இருப்பதும், அதை எப்போது அடைப்பார்கள் என்பதும் விற்றவனுக்கே வெளிச்சம். இங்கே குறை, திறந்திருப்பதில் இல்லை. விலை இல்லை என்பதைச் செலவு இல்லை என்று படித்ததில் இருக்கிறது. உரிமத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். டெண்டரிலேயே, இத்தனை மணி நேரத்துக்குள் திருத்தம் ஏற்றப்பட வேண்டும், கருவில் கைவைக்கக் கூடாது, எல்லா மொழிப் பக்கங்களும் ஒருசேர மாற வேண்டும் என்று எழுத வேண்டும்.

ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே இதைச் செய்ய இயலாது என்பதும் உண்மை. ஆஸ்திரேலிய அரசு 2015இல் ட்ருபலைக் கொண்டு ‘கவ்சி.எம்.எஸ்.’ என்னும் பொது மேடையை அமைத்தது. திருத்தத்தை ஓரிடத்தில் ஏற்றினால் பல அலுவலகங்களுக்கும் பயன்படும். நம் தேசியத் தகவலியல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ மேடையும் இத்தகையதே. நம் மதுரை, கோவை மாவட்டத் தளங்களும் அதில்தான் இருக்கின்றன. இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே கூரையின்கீழ் எல்லாரும் இருந்தால், கூரை ஒழுகும்போது எல்லாரும் நனைவர். 2018இல் ஒரு பழுதில் பத்துத் தளங்கள் நின்றதை மறக்கலாகாது. ஆயினும் ஆளில்லாத நூறு குடிசைகளைவிட, காவலாள் உள்ள ஒரு கட்டடம் மேல்.

இறுதியாக ஒன்று. வெள்ளை மாளிகை 2010இல், தான் எழுதிய மாட்யூல்கள் சிலவற்றை ட்ருபல் சமூகத்துக்கே திருப்பி வழங்கியது. எடுத்துக்கொள்பவர் கொடுக்கவும் வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. கொடுக்கும்போதுதான் உள்ளே இருப்பது நமக்கும் விளங்கும். அரசு கொடுக்கட்டும், நாமும் கொடுக்கலாம். ட்ருபலின் இடைமுகச் சொற்களைத் தமிழில் பெயர்க்கும் பணி எவரும் சேரத்தக்கதாகத் திறந்தே இருக்கிறது. நம் சங்கத்தில் கணிப்பொறி பயில்வோரும் உளர், தமிழ் பயில்வோரும் உளர். இருவரும் வாரத்தில் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்தால், அடுத்த ஆண்டு எங்கோ ஓர் எழுத்தர் தமிழ்ப் படிவத்தை ஏற்றும்போது, அவர் அழுத்த வேண்டிய பொத்தானின் பெயராவது அவருக்குப் புரியும் தமிழில் இருக்கும்.