வெயிலும் மழையும் தாங்கும் கிதார்

பெங்களூரில் வாழும் தமிழ் இளைஞர்களின் கையில் கிதார் இன்று பரவலாகக் காணப்படும் இசைக்கருவி. அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் அது ஒலிக்கிறது. கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது. விடுமுறை நாளில் கப்பன் பூங்காவின் மரநிழலிலும் ஒலிக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் புறப்படும்போது, ரயிலில் பெட்டிபடுக்கைகளுக்கு நடுவே அதுவும் பயணம் செய்கிறது. இவ்வாறு கருவியை வெளியே கொண்டு செல்லும் பழக்கம் உடையவர்களிடையே ஒரு கேள்வி எழுந்துள்ளது. கார்பன் இழையால் ஆன சிறிய பயணக் கிதாரை வாங்கலாமா? வாங்குவதாயின், நீடித்து உழைப்பதும் நமது வருவாய்க்கு ஏற்றதுமான ஒன்றை எவ்வாறு கண்டறிவது? முதற் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை இதிற் செலவிடுவோர் பலர் ஆதலின், இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

முதலில், மரக் கிதாருக்கு வெளியில் நேரும் இடையூறு யாது என்பதைக் காண்போம். மரம் அறுத்துப் பலகையாக்கிய பின்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காற்று வறண்டால் அவ்வீரத்தை வெளிவிட்டுச் சுருங்கும். பலா மரத்தாற் செய்த வீணை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. கிதாரின் மேற்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அக்கருவியை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வளர்ந்த மனிதனின் பாரத்தை இரவும் பகலும் தாங்கும் அந்த மெல்லிய பலகை, ஈரத்தால் உப்பினாலும் வறட்சியால் சுருங்கினாலும் கருவியின் அமைப்பு நிலைகுலைகிறது. ஆகவேதான் மரக் கிதாரை நூற்றுக்கு 45 முதல் 55 வரையுள்ள ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று செய்வோர் அறிவுறுத்துகின்றனர்.

பெங்களூரோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மார்ச்சு மாதப் பிற்பகல்களில் அங்கே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரசில் ஏறினால், சுமார் 6 மணி நேரத்தில் சென்னையின் உப்புக் கடற்காற்றில் இறங்குகிறோம். வறண்ட மேட்டு நிலத்துக்கும் ஈரமான கடற்கரைக்கும் இடையே ஆண்டுக்கு நான்கைந்து முறை சென்று வரும் மரக் கிதாரில், மேற்பலகை வெடிப்பதும், கழுத்து வளைவதும், தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்வதும் வியப்பன்று.

கார்பன் இழைக்கு இந்தத் தொல்லை இல்லை. இவ்விழை பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலிலிருந்து செய்யப்படுகிறது. அந்நூலை முதலில் காற்றில் சூடேற்றிப் பதப்படுத்தி, பின்னர் ஆக்சிஜன் புகாத உலையில் 1000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கரியாக்குகிறார்கள். ஓர் இழையின் தடிப்பு சுமார் 7 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 140 இழைகளை அருகருகே கிடத்தலாம். இவற்றை நெய்தோ, ஒரே திசையில் அடுக்கியோ, எபாக்சி என்னும் பிசினில் தோய்த்து அச்சில் இறுக வைத்தால், எஃகைவிட மிக இலேசானதும், எடைக்கு எடை நோக்கினால் அதைவிட விறைப்பானதுமான ஓடு கிடைக்கிறது. ஈரம் அதனைப் பருக்கச் செய்வதில்லை, வறட்சி சுருக்குவதில்லை, கறையானும் அதனை நாடுவதில்லை.

பெங்களூரின் தொழில்களுக்கு இப்பொருள் நன்கு பழக்கமானது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அந்நகரின் வானில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்சட்ட எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு, கார்பன் இழை முதலிய கலப்புப் பொருள்களால் ஆனது. விமானத் தொழிலுக்கும் கிதாருக்கும் உள்ள உறவும் பழையதே. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்துவந்த சார்லஸ் காமன் என்பவர், 1966இல் கண்ணாடி இழை கலந்த பிசினால் முதுகுப்புறத்தைக் கிண்ணம்போல் வார்த்து, ஓவேஷன் என்னும் கிதார்களை வெளியிட்டார். பின்னர், 1990களில், மழையும் ஈரமும் மிக்க ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஜான் டெக்கர் என்னும் இயற்பியலாளர், முழுவதும் கார்பன் இழையாலான ரெயின்சாங் கிதார்களை உருவாக்கினார். ஈரமான காற்றில் மரக் கிதார் படும் பாடே இந்த முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

நம் இசையிலும் புதுப் பொருள்களைக் கையாண்டவர்கள் பெங்களூரில் உண்டு. பாடகரும் பொறியியலாளருமான கே. வரதரங்கன், மிருதங்கத்தின் தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் படலத்தை அமைத்து, ஸ்ரீ மிருதங்கம் என்னும் கருவியை ஆக்கினார். ஆகவே, மரமும் தோலும் அன்றி வேறொன்றில் இசை பிறவாது என்று பெங்களூர்த் தமிழர்கள் தயங்க வேண்டியதில்லை.

நிற்க. கடைக்குச் செல்லும்போது முதலில் அறிய வேண்டியது, கார்பன் கிதார் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு கருவிகள் விற்கப்படுகின்றன என்பதே.

முதல் வகை, உடல், கழுத்து ஆகிய எல்லாம் நீண்ட கார்பன் இழையாலும் எபாக்சியாலும் ஆனது. இதுவே உறுதியிற் சிறந்தது, விலையிலும் உயர்ந்தது. இவை பெரும்பாலும் அயல்நாட்டில் ஆயிரம் டாலர் அளவில் தொடங்கி மேலே செல்கின்றன. இங்கே இறக்குமதிச் சுங்கமும் வரியும் சேரும். இரண்டாம் வகை, கார்பன் உடலும் மரக் கழுத்தும் கொண்டது. அமெரிக்காவின் குளோஸ் நிறுவனம் இத்தகைய பயணக் கிதார்களைச் செய்திருக்கிறது. விலை சற்றுக் குறைவு. ஆயின் மரத்தின் இயல்பு கழுத்தளவில் நீங்காது. மூன்றாம் வகை, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கில் கார்பன் இழைத் துணுக்குகளைக் கலந்து வார்த்தது. சீன நாட்டின் என்யா நிறுவனத்தின் நோவா கோ என்னும் சிறிய கிதார் இவ்வகையைச் சேர்ந்தது. இதுவே பலர் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பது.

மூன்றாம் வகை தாழ்ந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஈரத்துக்கு அஞ்சாமையில் அது முதல் வகையை ஒத்ததே. பூங்காவிலும் மலைப்பாதையிலும் பாடுவதற்குப் போதுமானதே. முதல் வகையின் விலையைக் கொடுத்து மூன்றாம் வகையைப் பெற்றுவிடலாகாது என்பதே கருத்து. கருவியின் மேலே தெரியும் பின்னல் கோலத்தை நம்ப வேண்டாம். அதை அச்சிட்டும் ஒட்டலாம். ஒலித் துளையின் உள்ளே கைவிளக்கை அடித்துப் பாருங்கள். உட்புறத்தில் இழைகளின் நெசவோ, ஒரே திசையில் ஓடும் வரிகளோ தெரிந்தால் அது நீண்ட இழையாற் செய்தது. ஒரே சீராக வழுவழுப்பாக இருந்தால் வார்ப்புப் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். ஐயம் இருப்பின், உடல் எதனால் ஆனது, கழுத்து எதனால் ஆனது என்று தனித்தனியே கேட்டு, விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது.

அடுத்து, கழுத்தைச் சோதிக்க வேண்டும். மரக் கிதாரின் கழுத்துக்குள் ஓர் உலோகத் தண்டு இருக்கும். அதைத் திருகி வளைவைச் சரிப்படுத்தலாம். கார்பன் கழுத்துகள் பலவற்றில் இத்தண்டு இராது. வளையாத கழுத்துக்கு அது தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் செய்யும்போதே பிழை நேர்ந்திருந்தால் பின்னர் திருத்த வழியில்லை. ஆகவே, தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாம் மெட்டின்மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது ஒரு தபால் அட்டையின் கனத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். பிறகு 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். வெறுந்தந்தியின் ஒலியை ஸட்ஜமாகக் கொண்டால், அங்கே மேல்ஸ்தாயி ஸட்ஜம் பிசகின்றி ஒலிக்க வேண்டும். ஆறு தந்திகளுக்கும் இச்சோதனை பொருந்தினால் கருவி நேரானது. ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்கேனும் கரகரப்பு எழுகிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, அளவு. முழுக் கிதார் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் உடையது. பயணக் கிதார் 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ரயிலிலும் பேருந்திலும் இதனால் இடர் இல்லை. விமானமேறுவோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நம் நாட்டின் உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் கைச்சுமை 7 கிலோவுக்கும், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 115 சென்டிமீட்டருக்கும் மிகலாகாது. 90 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கருவி இரண்டு அளவிலேயே இவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. அடிக்கடி விமானத்திற் செல்வோர் கழுத்தைக் கழற்றிப் பூட்டும் அமைப்புள்ள கிதாரை நாடலாம். மற்றவர்கள் அதற்காக அதிகப் பணம் தருவது வீண். எடுத்துச் செல்லும் நாளில் அந்தந்த விமானத்தின் விதியையும் கேட்டறிக.

இனி, கார்பனும் தாங்காதவை சில உண்டு. அவற்றுள் முதன்மையானது கடும் வெப்பம். வெயிலில் நிறுத்திப் பூட்டிய மோட்டார் காரினுள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். அறை வெப்பத்தில் இறுகச் செய்த எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். குதிரையை ஒட்டிய பசையும் நெகிழலாம். கருநிற உடல் வெயிலை விரைவாக உறிஞ்சும் என்பதையும் நினைவிற் கொள்க. மழையில் நனைந்தால் துடைத்துவிடலாம். காரினுள் வெந்தால் அவ்வாறு சரிசெய்ய இயலாது. மேலும், கார்பன் உடல் வெப்பத்தால் நீள்வதில்லையாயினும் உலோகத் தந்திகள் நீளும். ஆதலின் வெயிலில் வாசிக்கும்போது சுருதி சற்று இறங்குவது இயல்பே. அது கருவியின் குற்றமன்று.

தந்திகளும், சுருதி சேர்க்கும் சாவிகளும், மெட்டுகளும் உலோகமே. சென்னை, தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அவற்றை அரிக்கும். வாசித்தபின் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைப்பதும், மாற்றுத் தந்தி ஒரு தொகுதி உடன் வைத்திருப்பதும் நன்று. சாவிகளும் மெட்டுகளும் துருப்பிடிக்காத எஃகாலோ நல்ல முலாம் பூசியோ இருப்பது கூடுதல் சிறப்பு. கொசுவை விரட்டக் கையில் தடவும் தைலங்கள் சில, பிளாஸ்டிக்கையும் மெருகையும் கெடுக்கும்; கையைக் கழுவிய பின்னரே கருவியைத் தொடுக.

பழுதுபார்த்தலையும் எண்ண வேண்டும். மரத்தில் விழுந்த வெடிப்பைத் தேர்ந்த கைவினைஞர் ஒட்டிச் சீர்செய்வார். கார்பன் எளிதில் உடையாது. உடைந்தாலோ இழை விண்டு விரியும். அதைச் சரிசெய்யக் கலப்புப் பொருள் வேலை தெரிந்தவர் வேண்டும். வார்ப்புப் பிளாஸ்டிக் பிளந்தால் பெரும்பாலும் மாற்றுவதே வழி. எனவே மாற்று உறுப்புகள் நம் நாட்டில் கிடைக்குமா, உத்தரவாதத்தை எங்கே நிறைவேற்றுவார்கள் என்பவற்றை விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்க. பழைய கருவியை வாங்குவோர், விரலால் உடலெங்கும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். சுற்றிலும் கணீரென்று ஒலித்து, ஓரிடத்தில் மட்டும் மங்கி ஒலித்தால், அங்கே உட்படை பிரிந்திருக்கக்கூடும்.

இறுதியாக, யாருக்கு எது ஏற்றது? வீட்டிலேயே வாசிப்பவர்க்கும், ஒலியின் கனிவையே முதலாக மதிப்பவர்க்கும், நல்ல மரக் கிதாரும் அதற்கு ஒரு பெட்டியுமே போதும். பெட்டிக்குள் ஈரத்தைச் சீராக வைக்கும் பொருளும் குறைந்த விலையில் கிடைக்கிறது. நண்பர்களுடன் வெளியிடங்களில் பாடுவோரும், ஆண்டில் சில முறை ஊர் சென்று வருவோரும் பாலிகார்பனேட் கிதாரால் நிறைவடையலாம். இசையையே தொழிலாகக் கொண்டு, மழையோ வெயிலோ பாராமல் ஊர்தோறும் செல்லும் கலைஞருக்கு மட்டுமே முழுக் கார்பன் கிதாரின் விலை நியாயமாகும். அத்தகையோர் அதைக் கடன் வாங்கியாவது பெறுவது முதலீடு. பிறருக்கு அது சுமையே.

ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும். கிதாருக்கும் இது பொருந்தும். கார்பன் என்னும் சொல் ஓட்டைப் பற்றியது. கழுத்து, குதிரை, சாவி, தந்தி ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்து வாங்கினால், பெங்களூரின் வறட்சியிலும் சொந்த ஊரின் மழையிலும் அக்கருவி சுருதி பிசகாமல் உடன்வரும்.