மலைநாட்டு விழாக்களும் டிஜிட்டல் மிக்சர் தெரிவும்

மாசி மாதத்துக் காமன் கூத்துத் தொடங்கிச் சித்திரைத் திருவிழாக்கள் முடியும் வரையில் அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே ஒலிபெருக்கி ஓய்வதில்லை. திருவிழாவொன்று வந்தாற் பட்டணத்திலிருந்து ஒலிபெருக்கிக்காரரை அழைத்து வருதலே முன்னர் வழக்கமாயிருந்தது. இன்றோ தோட்டத்து இளைஞர் சிலர் ஒன்று கூடித் தாமே கருவிகளை வாங்கி, கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் விழா ஆகியவற்றுக்குச் சென்று தொழில் நடத்துகின்றனர். அத்தொழிலுக்கு நடுநாயகமாய் விளங்குவது மிக்சர் எனப்படும் ஒலிக்கலப்பியாம். மிக்சர் என்றவுடன் கடலையும் காராப்பூந்தியும் கலந்த பொட்டலத்தை நினைப்பார் நம்முள் இன்னும் பலர் உளர். ஈண்டு நாம் பேசப் புகுந்தது அதனைப் பற்றியன்று.

இரண்டு மூன்று இடங்களிலிருந்து வரும் பாட்டுகளையும் பேச்சையும் வேண்டிய அளவிற் கலந்து ஒரே ஒலியாக்கி வெளியே அனுப்புவது இக்கருவி. 1990களின் நடுப்பகுதியில் யப்பானிய நிறுவனமாகிய பயனியர் வெளியிட்ட டி.ஜே.எம். 500 என்னும் கருவி, பாட்டின் தாள வேகத்தைத் தானே அளந்து, அவ்வேகத்திற்கு இசைய எதிரொலி முதலிய விளைவுகளைத் தன்னுள்ளேயே உண்டாக்கித் தந்தது. அதற்கு முன் அவ்விளைவுகளுக்கு வேறு பெட்டிகளை இணைக்க வேண்டியிருந்தது. அது முதல், உள்ளமைந்த விளைவுகள் எத்தனை என்பதே விளம்பரங்களில் முதலிடம் பெறுவதாயிற்று. பயனியரின் டி.ஜே.எம். 900 நெக்சஸ் 2 (2016) தாளத்தோடு இசையும் விளைவுகள் பதினான்கும், ஒவ்வொரு வாயிலிலும் ஒலியின் நிறத்தை மாற்றும் விளைவுகள் ஆறும் கொண்டது. இத்தரத்துக் கருவிகள் புதிதாய் வந்தபோது 2,000 டாலருக்கு மேல் விற்றன. டாலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கொண்டால், வரிகளைச் சேர்க்காமலே 6 இலட்சம் ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியிற் கணக்கிட்டால் இஃது ஏறக்குறைய 444 நாட் சம்பளம். தாயின் சேமலாப நிதியோ, கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் அண்ணன்மாரின் பணமோ இவ்வாறு ஒரு பெட்டிக்குள் அடங்குமாயின், அப்பெட்டியின் பதினான்கு விளைவுகளுள் எவை மலையிற் பயன்படும் என்று வினவுதல் நியாயமே.

முதலில் எதிரொலியை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவின் குளிர்ந்த காற்றில் ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். கோயில் முற்றத்திலிருந்து எதிர்ச்சரிவு 170 மீற்றர் தூரத்திலிருப்பின், நாம் எழுப்பிய ஒலி சென்று மீள ஒரு செக்கன் ஆகும். நிமிடத்திற்கு 120 அடி விழும் பாட்டில் அஃது இரண்டு அடியின் காலம். ஆகவே எதிர்மலை, ஒரு சதமும் வாங்காமல், இரண்டு அடி பிந்திய எதிரொலியொன்றை ஏற்கெனவே நமக்குத் தந்துகொண்டிருக்கிறது. இதன்மேல் மிக்சரின் அரை அடி எதிரொலியையும் முடுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றன்மேலொன்று விழுந்து, பாடுபவரின் சொல் எது, அதன் நிழல் எது என்று தெரியாமற் போகும். தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் கொண்ட மண்டபங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே ஒலி மடிந்து மடிந்து நெடுநேரம் தங்கும். ரதி புலம்பும் இடத்தில் அப்புலம்பலின் சொற்கள் முற்றத்தின் கடைசி வரிசையிலிருக்கும் கிழவிக்குக் கேளாவாயின், ஆறு இலட்சத்தாற் பயன் என்ன?

எதிரொலியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அதனை எந்த ஒலிக்கு மட்டும் கொடுக்கலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கருவி நம் கைக்கு விட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மேற்கூறிய 900 நெக்சஸ் 2 கருவியில், கீழ், நடு, மேல் என்னும் சுருதிப் பகுதிகளுள் எதற்கு விளைவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிவு செய்யும் பொத்தான்கள் உண்டு. கீழ்ப்பகுதியை நீக்கிவிட்டு மேற்பகுதிக்கு மாத்திரம் எதிரொலி கொடுத்தால் மேளத்தின் அடி குழம்பாது நிற்கும். மலைநாட்டாருக்கு இவ்வொரு வசதி வேறு ஐந்தாறு விளைவுகளுக்கு ஈடாகும் என்று துணிந்து கூறலாம்.

அடுத்தது தாளக் கணிப்பு. இக்கருவிகள் பாட்டின் வேகத்தைத் தாமே அளப்பன என்றோம். ஆனால் அவை, இயந்திரம் போல் ஒரே வேகத்திற் செல்லும் நடன இசையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. நம்முடைய தப்போ மனிதன் கையில் உள்ளது. ஆட்டக்காரன் சூடேற ஏறத் தாளமும் ஏறும். சாமி வந்தாற் சொல்லவே வேண்டாம். இத்தகைய ஒலியைக் கேட்ட கணிப்பான் ஒருகால் 90 என்றும் மறுகால் 135 என்றும் காட்டித் தடுமாறும். எனவே விரலால் அடித்து அடித்து வேகத்தை நாமே கற்பிக்கும் பொத்தான் எளிதில் எட்டுமிடத்தில் இருத்தல் அவசியம். அதனை ‘டப்’ பொத்தான் என்பர். பனியில் தொய்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சி விறைப்பேற்றும் தப்புக்காரருக்கும், இருட்டில் இப்பொத்தானைத் தேடும் இளைஞனுக்கும் உள்ள பொறுப்பு ஒன்றேயாம்.

விளைவுப் பொறி எத்தனை என்பதையும் ஒப்பிடுதல் வேண்டும். பயனியர் கருவிகளிலே தாள விளைவு ஒருநேரத்தில் ஒன்றே இயங்கும். அதனை ஒரு வாயிலுக்கோ, ஒலிவாங்கிக்கோ, முழு ஒலிக்கோ திருப்பி விடலாம். இங்கிலாந்தின் அலன் அன்ட் ஹீத் நிறுவனத்தின் ஸோன் டி.பி.4 என்னும் டிஜிட்டல் கருவியில் நான்கு வாயிலுக்கும் தனித்தனி விளைவுப் பொறி அமைந்திருந்தது. கேட்பதற்குப் பெரிதாய்த் தோன்றினும், இரவு முழுவதும் ஒருவரே நின்று இயக்கும் மேடையில் நான்கு பொறிகளையும் ஆள எத்தனை கை உண்டு? அதே நிறுவனத்தின் ஸோன் 96 கருவியிலோ டிஜிட்டல் விளைவு எதுவுமே இல்லை. ஒலியை அரிக்கும் வடிகள் மாத்திரம் உண்டு. அதனையே விரும்பி வாங்குவோரும் உலகில் உளர். பயனியரின் சிறிய டி.ஜே.எம். 450 இரண்டே வாயில் கொண்டது, விளைவுகளும் குறைவு. கலியாண வீட்டுக்கு அது போதும் என்பதே எம் எண்ணம்.

தோட்டத்து விழாக்களின் தன்மையை நோக்குவார்க்கு எல்லாவற்றிலும் முக்கியமானது ஒலிவாங்கி வாயிலாகும். கொழும்பு விடுதியில் டி.ஜே. ஒருவர் ஒரே ஒலிவாங்கியுடன் இராப்பொழுதைக் கழித்துவிடலாம். நம்மிடத்திலோ கூத்துப் பாடுபவர், பூசகர், நன்றியுரை கூறும் தலைவர், இரண்டு தப்பு என்று நான்கைந்து வேண்டும். டி.ஜே. மிக்சர்களிற் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 2023இல் வந்த டி.ஜே.எம். ஏ9 ஒலிவாங்கிக்கெனத் தனி விளைவுகளை வைத்துள்ளது. ஆயினும் வாயில் எண்ணிக்கை பெருகவில்லை. இதற்கு மாறாக, யமகாவின் எம்.ஜி.10 எக்ஸ்.யூ. போன்ற மேடை மிக்சர், விலையிற் பன்மடங்கு குறைந்ததாயினும், நான்கு ஒலிவாங்கி வாயில்களும் 24 உள்ளமைந்த விளைவுகளும் உடையது. தாளத்தை அளக்கமாட்டாது, அவ்வளவே. இதனை முதலில் வாங்கி, சிறிய டி.ஜே. மிக்சரொன்றைப் பின்னர் இதன் ஒரு வாயிலில் இணைத்துக்கொள்வோர், பெரிய பெட்டியொன்றில் முழுப் பணத்தையும் முடக்குவோரிலும் நன்றாகவே தொழில் செய்யலாம். தப்புக்காரரை மேடையினின்றும் இறக்காமலே டி.ஜே.யை ஏற்றுதற்கும் இதுவே வழி.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரும் கருவியாயின் பின்புறத் தகட்டை வாசித்தல் வேண்டும். இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். யப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென ஆக்கப்பட்டவை 100 வோல்ட்டுக்குரியன. அவற்றை அப்படியே செருகினால் அதுவே அவற்றின் கடைசி விழா. பெருக்கிக்குச் செல்லும் வெளிவாயில் மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகையாயிருப்பது நன்று, கோயில் முற்றத்தில் நீண்ட வயர் இழுக்கும்போது இரைச்சல் ஏறாது. குளிரில் நனைந்த கருவியை நேரே சனம் நிறைந்த வெப்பமான மண்டபத்துட் கொண்டு சென்று திறந்தால் உள்ளே நீர் துளிர்க்கும். பையை மூடியபடியே அரைமணி நேரமாவது வைத்திருந்து பின் முடுக்குக.

பழைய கருவி வாங்குவோர் தப்பொலிப் பதிவு ஒன்றையும் பேச்சுப் பதிவு ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துச் செல்க. மிக்சரில் அது நேரே இயங்காது. இயக்கும் கருவியொன்றைக் கடைக்காரரிடம் கேட்டு இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தள்ளுகோலையும் மெல்ல மேலும் கீழும் நகர்த்தி, கரகரப்பு உண்டா என்று செவியுற்றுக் கேட்க வேண்டும். விளைவை முடுக்கும் பொத்தான் மிக அதிகமாய் அழுத்தப்படுவது. ஆதலால் முதலிற் பழுதடைவதும் அதுவே. அதனை இருபது முறையாவது அழுத்திப் பார்த்து, ஒருமுறை தவறினும் விலையைக் குறைக்கக் கேட்கலாம், அல்லது வேறு கடைக்கு நடக்கலாம்.