மதியத்தில் சோலார் பம்ப் தண்ணீர் குறைகிறதா? கன்ட்ரோலர் பெட்டியைக் கவனியுங்கள்!

சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும்போது சோலார் பம்ப் நன்றாக இறைக்க வேண்டும். ஆனால், சில தோட்டங்களில் காலை 10 மணிக்கு வரும் தண்ணீர்கூட மதியம் 1 மணிக்கு வருவதில்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். கன்ட்ரோலர் சூடேறி, தன் வேகத்தைக் குறைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்ட்ரோலர் திரையில் தெரியும் ஹெர்ட்ஸ் அளவைக் காலையிலும் மதியத்திலும் குறித்து வையுங்கள். ஹெர்ட்ஸ் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், நீர்மட்டத்தையும் பம்பையும் பாருங்கள். நாள் முழுக்கவே ஹெர்ட்ஸ் குறைவாக இருந்தால், பேனலில் தூசியோ நிழலோ இருக்கலாம். மேகமில்லாத உச்சி வெயிலில் மட்டும் ஹெர்ட்ஸ் இறங்கி, பெட்டியும் கொதித்தால், சூடுதான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பேனல் தருவது டி.சி. மின்சாரம். அதை மோட்டாருக்கு ஏற்ற மூன்று பேஸ் ஏ.சி.யாக மாற்றுவது கன்ட்ரோலர். இதற்காக உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன.

ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மடை மாற்றும்போது, மண்ணை வெட்டிப் போடுவதற்குள் கொஞ்சம் தண்ணீர் வீணாகுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். சுவிட்ச் முழுதாகத் திறக்காமலும் மூடாமலும் இருக்கும் அந்தக் கண நேரத்தில் கொஞ்சம் மின்சாரம் சூடாக மாறி வீணாகிறது. இதைத்தான் 'சுவிட்சிங் இழப்பு' என்கிறார்கள். சுவிட்ச் மூடியிருந்து மின்சாரம் ஓடும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு.

5 எச்.பி. பம்பில் 4,000 வாட் மின்சாரம் கன்ட்ரோலர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 3 பங்கு வீணானாலும் 120 வாட். அந்தப் பெட்டிக்குள் இரண்டு 60 வாட் குண்டு பல்புகள் எரிவதற்குச் சமம். இந்தச் சூடு வெளியேறாவிட்டால், கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளும் குறையும்; 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு.

'கேரியர் ஃப்ரீக்வென்சி'யைக் கேளுங்கள்

சுவிட்சுகள் நொடிக்கு எத்தனை முறை இயங்க வேண்டும் என்பதற்குக் கன்ட்ரோலரில் ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயர் கேரியர் ஃப்ரீக்வென்சி. இதை 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8 ஆக்கினால், சுவிட்சிங் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதிகம் வைப்பதால் கிடைக்கும் முக்கியப் பலன், மோட்டாரின் 'கீச்' சத்தம் குறைவதுதான். 300 அடி ஆழத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

எனவே, சர்வீஸ் டெக்னீஷியன் வரும்போது, "கேரியர் ஃப்ரீக்வென்சி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? குறைக்கலாமா?" என்று கேளுங்கள். மோட்டார், கன்ட்ரோலர் நிறுவனங்கள் சொல்லும் அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் மோட்டார் சூடாகும். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையே ஃபில்டர் பொருத்தியிருந்தால், அதற்குரிய அளவை மாற்றவே கூடாது. நீங்களாக இதை மாற்ற வேண்டாம்.

நீங்களே செய்யக்கூடியவை

* பெட்டியை நேரடி வெயிலில் வைக்காதீர்கள். பேனலுக்கு அடியில், நாள் முழுக்க நிழல் விழும் இடமே நல்லது. இடம் மாற்றுவதை நிறுவனத்தின் ஆள் மூலம் செய்யுங்கள்.
* திருட்டுக்குப் பயந்து காற்றுப் புகாத தகரப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். கம்பிவலைக் கூண்டு போடலாம். மேலும் கீழும் காற்றுப் போக இடம் விடுங்கள்.
* பின்புறமுள்ள அலுமினியத் தகடுகளில் தூசியும் குளவிக்கூடும் சேர்ந்தால் சூடு வெளியேறாது. மாதம் ஒருமுறை, காலையில் பம்பை நிறுத்தி, டி.சி. சுவிட்சையும் அணைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.
* மின்விசிறி உள்ள மாடல் என்றால், அது சுற்றுகிறதா என்று பாருங்கள்.

எச்சரிக்கை: பெட்டியைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் வயரிலும் மின்சாரம் இருக்கும். அரசு மானியத்தில் வாங்கிய பம்ப் என்றால், முதல் 5 ஆண்டுகளுக்குப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. குறித்து வைத்த ஹெர்ட்ஸ் கணக்கைக் காட்டிப் புகார் செய்யுங்கள். குறை எங்கே என்று அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும்.